நாற்பத்து மூன்று தரம்

மொன்றியலில் வதனியின் மகளுக்குக் கல்யாணம்.
ஒரு ஹோட்டல் அறையில் ஆறு பெண்கள்.
எல்லாரும் படுத்த பிறகு
தலையணையைத் தூக்கிக்கொண்டு
குளியல் தொட்டிக்குள் போய் உட்கார்ந்தேன்.
கதவைப் பூட்டி, காற்றாடியைப் போட்டு,
விடியும்வரை முழித்திருந்தேன்.
பொம்பிளையும் குறட்டை விடுவாளோ
என்று யாரும் கேட்டதில்லை.
கேட்க விட்டதில்லை நான்.

இவரின் குறட்டை வீட்டில் ஒரு பகிடி.
சாப்பாட்டு மேசையில் பிள்ளைகள் நடித்துக் காட்டுவார்கள்.
என்னுடையதை, கல்யாணமான மூன்றாம் மாதம்
ஒரே ஒரு தரம் சொன்னார்,
யாருடையவோ கடனைப் பற்றிச் சொல்வதுபோல மெதுவாக.
அன்றிலிருந்து இவர் கண் அயர்ந்த பிறகுதான் நான்.
அப்படியும் நடுச்சாமத்தில் ஒரு முழங்கை இடிக்கும்.
தண்டனை என்று திரும்பிப் படுப்பேன்.

காலையில் தலை, ஊறவைத்த உளுந்து.
மார்க்கம் வீதியில் சிவப்புக்கு நின்றால்
பின்னால் ஹோர்ன் அடித்துத்தான் பச்சை தெரியும்.
பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில்
எழுதிக்கொண்டிருக்கும்போதே பேனை வழுக்கி
ஒரு கிழவரின் பெயருக்கு வால் முளைத்தது.

குடும்ப வைத்தியர் சொன்னார்: இரத்தம் குறைவு.
பிறகு: தைரொயிட்.
பிறகு: ஐம்பது வயதாகிறதுதானே.
பிரஷர் குளிசை ஒன்று இரண்டாகி மூன்றானது.
அதற்கும் அடங்காததை
அவரும் நானும் சேர்ந்து
உப்பின் தலையில் போட்டோம்.

ஆரணிதான் பிடித்தாள்.
சோபாவில் நான் அயர்ந்த ஒரு ஞாயிறு
போனில் பதிந்து வைத்திருந்தாள்.
குறட்டையை விடு அம்மா,
அது நிற்கிற இடத்தைக் கேள் என்றாள்.
சத்தம். சத்தம். பிறகு
ஒன்றுமில்லை.
தெருமுனையில் பனி தள்ளும் வண்டி திரும்புவது கேட்டது.
ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்கியது.
நான் மட்டும் இல்லை.
இருபத்தாறு செக்கன்.
பிறகு, தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்குகிற மாதிரி
ஒரு இழுப்பு.
சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஷெப்பர்ட் வீதியில், ஒரு பார்மசிக்கு மேல்மாடியில்
நித்திரைப் பரிசோதனை.
ரொடெல் என்ற பிலிப்பினோப் பொடியன்
தலையில் பசை தடவி வயர் ஒட்டினான்.
எண்ணெய் வைக்க வேண்டாம் என்று கடிதத்தில் இருந்தது.
வைத்துப் போயிருந்தேன்.
ஒன்றும் சொல்லாமல் துடைத்தான்.
வெட்கமாக இருக்கிறது என்றேன்.
சத்தத்துக்குத்தான் எனக்குச் சம்பளம் என்றான்.

மணித்தியாலத்துக்கு நாற்பத்து மூன்று தரம்.
தொண்டை தளர்ந்து வழியை மூடுகிறது,
இரத்தத்தில் ஒட்சிசன் இறங்குகிறது,
மூளை பதறி உலுப்புகிறது,
இதயம் எழும்பி ஓடுகிறது.
எழும்பியது தெரியாமலே
மறுபடி படுத்துவிடுகிறேன்.
பஸ் தரிப்பில் நின்று, ரிப்போர்ட் உறையின் பின்பக்கத்தில்
ஏழு மணித்தியாலத்துக்குக் கணக்குப் போட்டேன்:
முந்நூற்றொன்று.
கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம்.
அதைப் பெருக்கவில்லை.
பஸ் வந்துவிட்டது.

இப்போது மூக்கில் முகமூடி,
கட்டிலருகே ஒரு பாண் அளவில் பெட்டி.
முதல் கிழமை இரண்டு தரம் பிடுங்கி எறிந்தேன்.
மூக்குத்தி இடித்தது. கழற்றி வைத்தேன்.
மூன்றாம் கிழமை ஒரு கனவு வந்தது.
பெரிதாக ஒன்றுமில்லை:
கனடியன் டயரில் வரிசையில் நிற்கிறேன்,
கையில் ஒரு நீல வாளி.
ஆனால் முழுக் கனவு.
காசு கட்டி, கதவு திறந்து, வெளியே வரும்வரை.

இவருக்குத்தான் இப்போது நித்திரை இல்லையாம்.
முகமூடியின் ஓட்டையில் கை வைத்துக்
காற்று வருகிறதா என்று பார்க்கிறார்.
முந்தியென்றால் இடித்துவிடுவேன்,
மூச்சு வந்துவிடும் என்றார், இருட்டைப் பார்த்து.
இவ்வளவு காலமும் நான்
அந்த முழங்கையோடு கோபமாக இருந்திருக்கிறேன்.

அடுத்த மாதம் இவருக்கும் அங்கே ஓர் இரவு.
எண்ணெய் வைக்க வேண்டாம் என்று
சொல்லியிருக்கிறேன்.